தன்னைத் தானே பார்த்துக்கொண்ட வீடு

சொட்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், சொட்.

கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால் வெள்ளச்சிக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது. வெளியே மழை இருட்டு, உள்ளே அடுப்புப் புகை. பட்டப்பகலிலேயே எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியவில்லை. கையை நீட்டித் தடவிக்கொண்டே போனாள். இடது தோளில் சில்லென்று விழுந்தது ஒரு சொட்டு.

"இங்கதான் ஒழுகுறியா நீ?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

இதெல்லாம் வெகு காலத்துக்கு முன்னால். மலைகள் தங்களுக்கு உட்கார இடம் தேடி அலைந்துகொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கார்மேகபுரி என்று ஒரு ராஜ்யம். அந்த ராஜ்யத்துக்கு மேல் மட்டும் வானம் கிழிந்துபோயிருக்கிறதோ என்று சந்தேகம் வரும், அப்படி ஒரு மழை. ராஜ்யத்தின் ஓரத்தில் ஓர் ஓட்டு வீடு. வீட்டில் வெள்ளச்சியும் அவள் புருஷன் முத்திருளனும். அவன் உள்ளே உட்கார்ந்து மூங்கில் கூடை முடைவான். அவள் அதைத் தலையில் சுமந்துபோய்ச் சந்தையில் விற்று வருவாள். அவன் வீட்டைவிட்டு இறங்குவது அபூர்வம், அவள் வீட்டில் தங்குவது அபூர்வம். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆனால் வீட்டு வேலை அத்தனையும் அவளுடையதுதான். சித்திரையில் கதவு சுழலும் குடுமிக்கு எண்ணெய் விடவேண்டும். ஆடியில் ஓட்டைப் பிரித்து, உடைந்ததை எடுத்து, நல்லதை அடுக்கவேண்டும். ஐப்பசியில் உத்திரத்துக்கு வேப்பெண்ணெய், இல்லாவிட்டால் கரையான். மார்கழி முடிவதற்குள் சுவருக்குச் சுண்ணாம்பு. அதோடு முடிந்ததா? மறுபடியும் சித்திரை வந்து நிற்கும். வளரவே வளராத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற மாதிரி. அந்த வருஷம் அலுத்துப்போய், ஆடியில் ஓடு மாற்றாமல் விட்டுவிட்டாள். அதுதான் இப்போது சொட்டுகிறது.

"உனக்கே செஞ்சு செஞ்சு என் இடுப்பு ஒடிஞ்சுது" என்றாள் வீட்டைப் பார்த்து. "உன்னை நீயே பார்த்துக்கக் கூடாதா?"

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கொட்டுகிற மழையில் நடந்து வந்தவன். கையில் குடையில்லை, உடம்பில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"பார்த்துக்கும் தாயி" என்றான்.

"எது?"

"வீடுதான். இந்தா, இந்த ஆணியை உத்திரத்துல அடி. அப்புறம் எண்ணெய் வேணாம், ஓடு வேணாம், சுண்ணாம்பு வேணாம். நீ கையே வைக்காதே. வீட்டுக்கு வேண்டியதை வீடே எடுத்துக்கும்."

"உனக்கு நான் என்ன தரணும்?"

"நீ எனக்கு ஒண்ணும் தர வேணாம்." அவன் சிரித்தபோது பல்லெல்லாம் செங்கல் நிறம்.

முத்திருளன் மூங்கில் சீவுவதை நிறுத்தினான். "புள்ள, மழையில வந்தவன் நனையாம நிக்கிறான். எனக்கு என்னமோ பிடிக்கல."

"அப்ப நீ கூரையில ஏறி அடைக்கிறியா மாமா?"

உயரம் என்றால் முத்திருளனுக்குக் கால் வெடவெடக்கும். மறுபடியும் மூங்கிலைச் சீவினான்.

வெள்ளச்சி முக்காலி மேல் ஏறி ஆணியை அடித்தாள். டொக். டொக். டொக். பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு சொட்டு, அந்தரத்தில் நின்று, வந்த வழியே மேலே போனது.

திரும்பிப் பார்த்தால் வாசலில் ஆளைக் காணோம். அவன் நின்ற இடத்திலிருந்து வாலில்லாத பல்லி ஒன்று விறுவிறுவென்று சுவரேறியது. உச், உச், உச் என்றது.

"நல்ல சகுனம்" என்றாள் வெள்ளச்சி.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது. கூரையில் ஓர் ஓடு விலகவில்லை. முத்திருளன் முற்றத்தில் நின்று மூங்கிலை வெயிலில் பரப்பினான். மூங்கிலுக்கு நிழல் விழுந்தது. முக்காலிக்கு நிழல் விழுந்தது. அவன் காலடியில் மட்டும் வெறும் மண். வெள்ளச்சி சந்தைக்குப் போயிருந்தாள், பார்க்கவில்லை. கூரைக்கு மழையைத் தாங்க ஒரு விரிப்பு வேண்டியிருந்தது. வீட்டுக்கு வேண்டியதை வீடே எடுத்துக்கொண்டது.

மார்கழி வந்தது. ஊரெல்லாம் சுண்ணாம்பும் கையுமாக நிற்க, இவர்கள் வீட்டுச் சுவர் ஒரே நாளில் பால் மாதிரி வெளுத்தது.

"ஏண்டி, உன் வீட்டுக்கு மட்டும் யாருடி வந்து வெள்ளையடிக்கிறது? சொர்க்கத்துலேருந்து உன் மாமனாரா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அங்கம்மா.

"அவர் இருந்தப்பவே ஒரு துரும்பை நகர்த்தினதில்ல. போய்ச் சேர்ந்தப்புறமா வரப்போறாரு?"

சிரித்துக்கொண்டே உள்ளே வந்து சுவரைத் தொட்டவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். சுவர் கதகதப்பாக இருந்தது. உள்ளுக்குள் ஏதோ மெல்லத் துடித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த முத்திருளனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மாமா, சோகை பிடிச்ச மாதிரி இருக்கே?"

"வெயில்ல போகாததாலதான் புள்ள" என்றான். கீரை ஆய்ந்து சமைத்துப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வேண்டியதை வீடே எடுத்துக்கொண்டது.

சித்திரை வந்தது. சந்தையிலிருந்து திரும்பி, வழக்கம்போலக் கதவைத் தள்ளினாள்.

"வந்துட்டியா புள்ள?" என்று முத்திருளனின் குரல் கேட்டது.

"வந்துட்டேன் மாமா."

"உட்காரு. நான் பார்த்துக்கிறேன்."

என்ன கரிசனம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள். முத்திருளன் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். கண் நிறைய நீர். ஒரு சத்தம் வரவில்லை. பின்னால் காற்றுக்குக் கதவு மெல்ல அசைந்தது.

"உட்காரு புள்ள" என்றது கதவு. "நான் பார்த்துக்கிறேன்."

 வெள்ளச்சி முத்திருளனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தாள். நிலைப்படியைத் தாண்ட அவன் கால் எழவில்லை. வேர் விட்ட மாதிரி நின்றான். அப்போதுதான் முற்றத்தில் அதைப் பார்த்தாள். கூரையின் நிழல் தரையில் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குத் தலை இருந்தது. இரண்டு கை இருந்தது.

"ஆணியைப் பிடுங்கி எறியறேன்!" என்று முக்காலியில் ஏறினாள்.

உச், உச், உச். "தொடாதே!" என்றது பல்லி.

ஆணிக்குப் பக்கத்திலேயே தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நானும் மனுஷியா இருந்தப்ப அப்படித்தான் பிடுங்கினேன். வீடு எடுத்துக்கிட்டதையெல்லாம் வெச்சுக்கிட்டு என் மேலயே விழுந்துச்சு. மிஞ்சினது இவ்வளவுதான். அந்த மாயாவி ஆணியைப் பொறுக்கிக்கிட்டு வேற வீடு தேடினான். நான் அவன் பையில ஒட்டிக்கிட்டு வந்தேன்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"சொன்னேனே! நல்ல சகுனம்னு போயிட்டே."

வெள்ளச்சி தலையில் கை வைத்தாள். "அவனுக்கு இதுல என்ன லாபம்?"

"வீடு மனுஷனைத் தின்னும். முழுசாத் தின்னு முடிச்ச வீட்டை அவன் தின்பான். கையே வைக்காதேன்னு சொன்னானே, எதுக்கு? வீடு பசியாவே கிடக்கணும்."

"நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"பசிக்கிறதுக்குச் சோறு போடு. எண்ணெய்க்கு உள்ள மாசத்துல எண்ணெய், ஓட்டுக்கு உள்ள மாசத்துல ஓடு. வருஷம் சுத்தி வரணும். வயிறு நிறைஞ்சா எடுத்ததை அதுவே கக்கும்."

"நடுவுல விட்டுட்டா?"

 பல்லி தன் இல்லாத வாலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

சித்திரைதான் நடந்துகொண்டிருந்தது. வெள்ளச்சி கிண்ணத்தில் விளக்கெண்ணெய் எடுத்தாள். கோழி இறகு எடுத்தாள். கதவுக் குடுமியின் கீழே குந்தினாள்.

"வேணாம் புள்ள" என்றது கதவு, அவன் குரலில். "சந்தைக்கு நடந்து போயிட்டு வந்திருக்கே. கால் வலிக்கும்ல? உட்காரு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் இத்தனை இதமாகப் பேசியதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இறகை எண்ணெயில் தோய்த்துக் குடுமியில் தடவினாள். கதவை முன்னும் பின்னும் ஆட்டி எண்ணெயை உள்ளே இறங்க விட்டாள்.

"உட்காரு புள்ள, உட்காரு, உட்கா..."

"...ரு" என்றது மூலை. முத்திருளன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். "அடியே, என் வாயி! தண்ணி குடு, நாக்கெல்லாம் மரத்தூளு!"

அன்று இருவரும் சாப்பிட்டார்கள். சுவர் துடித்துக்கொண்டேதான் இருந்தது.

ஆடி வந்தது. ஏணியைத் தூக்கிக் கூரையில் சாத்தினாள். வேலி ஓரம் செங்கல் பல் சிரித்தது. மாயாவி உட்கார்ந்திருந்தான்.

"கைவைக்காதேன்னு சொன்னேன். சரி, போகட்டும். வானத்தைப் பாரு தாயி, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. மழையா வரப்போகுது? நாளைக்குப் பண்ணக் கூடாதா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். நிஜமாகவே ஒரு மேகம் இல்லை. அன்று சந்தை நாள் வேறு. நாம் எல்லோரும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏணியை அப்படியே விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

பாதிச் சந்தையில் இடி இடித்தது. கூடைகளைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. உத்திரம் நிமிர்ந்து கம்பீரமாக நின்றது. அதன் அடியில் முத்திருளன் அரிவாள் மாதிரி வளைந்து, நெற்றி முழங்காலைத் தொட, நிமிர முடியாமல் நின்றான்.

"புள்ள" என்றான் தரையைப் பார்த்து. "கூரைதான் என் மேல இருக்கு."

வெள்ளச்சி மழையிலேயே ஏணியில் ஏறினாள். முத்திருளன் வளைந்த முதுகோடு தவழ்ந்து வந்து, நிலைப்படிக்கு உள்ளே இருந்தபடியே ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"கீழ பார்க்காதே புள்ள!"

"நீ மேல பார்க்காதே மாமா!"

ஓட்டைப் பிரித்தாள். உடைந்ததை எறிந்தாள். நல்லதை அடுக்கினாள். ஒவ்வோர் ஓட்டுக்கு அடியிலும் ஈரத் துணி மாதிரி கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஓட்டைச் சரியாக வைத்ததும், அது கூரையிலிருந்து வழுக்கி, ஏணி வழியாக இறங்கி, முத்திருளனின் காலைப் பிடித்துக்கொண்டது. மழை விட்டு வெயில் அடித்தபோது வளைந்த மனிதனுக்குப் பக்கத்தில் வளைந்த நிழல் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் நாளைக்கு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. ஐப்பசியில் உத்திரம் முழுக்க, ஆணியைச் சுற்றி விரல் விட்டு, வேப்பெண்ணெய் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க முத்திருளனின் முதுகு, நெருப்பில் வாட்டிய மூங்கில் போல, முறுமுறுவென்று நிமிர்ந்தது.

மார்கழி வந்தது. பானையில் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற, அது கொதித்துப் பொங்கி அடங்கியது. நார் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து முன்சுவருக்கு வெள்ளையடித்தாள். பக்கச் சுவர்களுக்கும் அடித்தாள். கையெல்லாம் பொத்துப்போனது. பின்சுவருக்கு வந்தபோது மாயாவி அங்கே நின்றான். இந்தத் தடவை அவன் நனைந்திருந்தான். மழையே இல்லாத நாளில், தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட.

"இந்த ஒரு சுவரை விட்டுடு தாயி" என்று கெஞ்சினான். "பின்சுவர்தானே? வைக்கப்போருக்குப் பின்னால. யாரு பார்க்கப்போறா?"

பானையின் அடியில் கொஞ்சம்தான் சுண்ணாம்பு மிச்சம். அவள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. உள்ளே முத்திருளன் வெளுத்த முகத்தோடு, மூச்சை இழுத்து இழுத்து விடுவது சுவர் வழியாகவே கேட்டது.

"நான் பார்ப்பேனே" என்றாள் வெள்ளச்சி.

மட்டையை முக்கினாள். அடித்தாள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, மூலையில் ஒரு கை. சுவரின் துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. சூடு ஆறியது. கடைசி இழுப்போடு அது வெறும் சுவரானது.

வீட்டுக்குள் ஏதோ விழுந்தது. டொக்.

மாயாவி வாயைத் திறந்தான். வாயிலிருந்து கரையான் மண் கொட்டியது. கையிலிருந்து, காலிலிருந்து, கண்ணிலிருந்து கொட்டியது. அவன் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செம்மண் புற்று மட்டும் நின்றது.

உள்ளே ஓடினாள். உத்திரத்து ஆணி தரையில் துருவாக உதிர்ந்து கிடந்தது. முத்திருளன் கன்னம் சிவந்து உட்கார்ந்திருந்தான். பல்லி இருந்த இடத்துக்கு நேர் கீழே, தலையெல்லாம் ஒட்டடையாக ஒரு நடுவயதுப் பெண் நின்று, தன் கைவிரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் வெள்ளச்சி.

"ஒரு விளக்குமாறு இருந்தாக் குடு தங்கச்சி. என் வீடு அங்க மண்ணாக் கிடக்கு. நான் போய்ப் பெருக்கணும்." வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

முத்திருளன் நிலைப்படியைத் தாண்டி முற்றத்தில் இறங்கினான். தன் நிழலை மிதித்துப் பார்த்தான். அன்றிலிருந்து அவனும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்தான். ஆடியில் கண்ணை மூடிக்கொண்டாவது ஏணியில் ஏறினான். அந்த வீடு மழைக்கு ஒழுகாமல், கரையான் அரிக்காமல், யாரையும் தின்னாமல் நெடுங்காலம் நின்றது. அவர்களும் அதில் நன்றாகவே இருந்தார்கள்.

அவளுக்கு ஒரு பயம் மட்டும் போகவில்லை. அடுத்த சித்திரையில் ஒரு நாள், சந்தையிலிருந்து வந்து கதவைத் தள்ளியபோது, "உட்காரு புள்ள" என்று குரல் கேட்டது. வெள்ளச்சி சட்டென்று நின்று முத்திருளனின் உதட்டைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றான் அவன். உதடு அசைந்தது.

உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். காற்று வந்தது. கதவு அசைந்து, கிர்ர்ர் என்றது.

வெள்ளச்சி எழுந்துபோய் எண்ணெய்க் கிண்ணத்தையும் கோழி இறகையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.