முட்டு தாண்டாத மாப்பிள்ளை

அம்பாசமுத்திரம் பக்கம் பலவேசம் மாஸ்டர் நடத்திய உடற்பயிற்சி நிலையத்தில் யாரும் எடை தூக்கிப் பார்த்ததில்லை. எப்படித் தூக்க வேண்டும் என்பது மட்டும் அங்கே எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். மாஸ்டர் ஒரு முறை சொன்னால் அது விஞ்ஞானம். மறுமுறை சொன்னால் வேதம். ஏன் என்று கேட்பவர்கள் வாசலில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அங்கே சேர்ந்த ஆவுடையப்பனுக்கு ஒரு அவசரம் இருந்தது. ரைஸ் மில் சங்கரபாண்டி அண்ணாச்சியின் மகள் கோமதி மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணாச்சிதான் நிபந்தனை போட்டார்.

"வாற வெள்ளிக்கெழம ஒரு அரிசி மூட்டைய லாரியில ஏத்திக் காட்டுடே. பொண்ணக் கட்டித் தாரேன்."

விஷயம் மாஸ்டரிடம் போனது. "தச வளர்றது ஓய்வுலதாம்டே," என்றார் அவர். அன்றே ஆவுடையப்பனைக் கட்டிலில் படுக்கப்போட்டார்கள். கூடப் பயிலும் இசக்கியும் நம்பியும் தசை வளர்வதைப் பார்க்க இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்தார்கள். வேளாவேளைக்குச் சோறு வந்தது. வியாழக்கிழமை நூல் பிடித்து அளந்தபோது வயிறு மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

"நடுவுல புடிச்சிட்டு. கைக்கு வரக் கொஞ்சம் நாளாவும்," என்றான் இசக்கி.

அடுத்தது முறை. முதுகு வளையக் கூடாது என்றார் மாஸ்டர். ஒரு பலகையை முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். குனியும்போது முழங்கால் முட்டு கால்விரலைத் தாண்டக் கூடாது என்றார். ஆவுடையப்பன் உட்கார்ந்தால் முட்டு தாண்டியது. முட்டைப் பின்னால் இழுத்தால் பலகையோடு மல்லாக்க விழுந்தான். மூன்று பேரும் கவலையோடு கூடி யோசித்தார்கள்.

"முட்ட வெட்டிக் கொறைக்க முடியாது," என்றான் நம்பி.

"வெரல நீட்டலாம்லா?" என்றான் இசக்கி.

மாஸ்டர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "நீட்டலாம். அதுக்கு எங்கயும் தடை சொல்லல."

விரலுக்கு முன்னால் ஒரு முழம் நீண்ட கட்டைச் செருப்பு செய்து, கழலாதபடி வாரால் இறுக்கிக் கட்டினார்கள். அதன்பின் எப்படி உட்கார்ந்தாலும் முட்டு தாண்டவில்லை. நடக்கத்தான் முடியவில்லை. தூக்கப் போகிறவன் எதற்கு நடக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோனார்கள்.

செருப்பின் நுனி மூட்டையில் இடித்தது, கை எட்டவில்லை. அதற்கென்ன என்று இசக்கியும் நம்பியும் மூட்டையைப் புரட்டிச் செருப்பின் மேலேயே வைத்தார்கள்.

"மூச்ச வெளிய விட்டுத் தூக்குடே!" என்றார் மாஸ்டர்.

ஆவுடையப்பன் மூச்சை விட்டான். விட்டதுதான் மிச்சம். மூட்டை அசையவில்லை, இனி அவனும் அசைய முடியாது. வாசலில் நின்று கோமதி பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கோமதி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "தள்ளுங்க, லாரி எவ்வளவு நேரம் நிக்கும்?" முதுகு வளைந்தது, முட்டு விரலைத் தாண்டியது, மூட்டை அவள் தோளுக்குப் போய் லாரியில் விழுந்தது. தினமும் செய்கிற வேலைதான்.

அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, மூட்டை ஏறிட்டு. யாரு ஏத்துனா என்ன? பயலும் கூடத்தான நின்னான். தேதி பாத்திருவோம்."

கோமதி தலையைக் குனிந்து சிரித்தாள். இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், விட்டால்தானே!

"ஒரு நிமிசம் அண்ணாச்சி. முதுகு வளைஞ்சிட்டு," என்றார் மாஸ்டர்.

"முட்டு தாண்டிட்டு," என்றான் நம்பி.

"மூச்ச உள்ளல்லா இழுத்தா!" என்றான் இசக்கி.

எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவன் மனசு கோமதியிடம் இருந்தது. முதுகு பலகையிடம் இருந்தது.

"கோமதி, கோவிச்சுக்கிடாத. நீ தூக்குனது செல்லாது. அத எறக்கி எங்கால் மேலயே வச்சிரு. நான் மொறையாத் தூக்கிக்கிடுதேன்."

கோமதி அவனை ஒரு பார்வை பார்த்தாள். லாரியிலிருந்து மூட்டையை இறக்கினாள். அவன் செருப்பின் மேல் பொத்தென்று வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியளாடே! தப்பாத் தூக்குனா மூட்டை எடுத்த எடத்துக்கே வந்துரும்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"