ஆயிரம் கூழ்வத்தலும் ஒரு குறட்டையும்

ஒரு ஊர்ல ஒரு வளவு இருந்துச்சு. வளவுன்னா? ஒரே வாசல், உள்ள நாலு வீடு, நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். அந்த வளவுல கூழ்வத்தல் போட்டு விக்கிற செங்கமலம்னு ஒருத்தி. வளவுக்குச் சொந்தக்காரர் வெளியூரு, அதனால வாசல் சாவி இவ இடுப்புல. கோவம் மூக்கு நுனியில. நீ "ம்" கொட்டு, இல்லைன்னா நான் யாருக்குச் சொல்றது?

"ம்..."

மத்த மூணு வீட்டுச் சத்தத்துல செங்கமலத்துக்குத் தூக்கமே கிடையாது. விடியக்காலம் மூணு மணிக்குப் பூக்காரி பேச்சி மார்க்கெட்டுக்குக் கிளம்புவா. குழாயடியில டங், டங்னு குடம். மத்தியானம் மொட்டைமாடி நிழல்ல ராத்திரி வாட்ச்மேன் சேவியர் படுத்துக்கிட்டு, கொர்ர்ர்... புஸ்ஸ்! ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஜமீலாவோட தையல் மிஷினு, டகடகடக.

அப்போ ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்தாரு. செங்கமலம் தொண்டை கிழியப் பேரம் பேசி, ஆயிரம் வத்தலுக்கு ஆர்டர் வாங்கிட்டா. அவ கண்ட முதல் பெரிய ஆர்டர். கையில மூணே நாள்.

"வெள்ளிக்கிழமை காலையில பந்திக்கு வந்துரணும். வரலைன்னா உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டுப் போனாரு.

நல்லாத் தூங்குனாத்தானே வேலை ஓடும்? அன்னைக்கே செங்கமலம் சட்டம் போட்டா. "எல்லாரும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். ஆறு மணிக்குத் தண்ணி. பகல்ல யாரும் படுக்கக் கூடாது. ராத்திரி ஒம்பதுக்கு விளக்க அணைக்கணும். பிடிக்கலைன்னா வேற வீடு பாருங்க!"

"எங்க பொழப்பு?"ன்னா பேச்சி.

"அது உன் பாடு!"

அப்புறம் மொத நாள். ஆறு மணி ஆச்சு. ஒரு குழாய்க்கு அத்தனை குடமும் வந்துருச்சு. ணங்! டமார்! "நான்தான் முதல்ல!" "யாரு சொன்னா?" செங்கமலம் வரிசையில நிக்கிறா, அங்க அடுப்புல கூழ் அடிப்பிடிச்சுப் புகையுது. போச்சு ஒரு பானை.

"ம்..."

ரெண்டாம் நாள். மாடியில வேட்டி விரிச்சுக் கூழை ஊத்திட்டுக் கீழ வந்தா. மத்தியானம் ஏறிப் பார்த்தா, கா! கா! கா! வேட்டி பூராவும் காக்கா. ஓரத்துல ரெண்டு அணில் வேற. விரட்டுனா பறக்குது, திரும்புனா உட்காருது. இத்தனை வருஷமா இங்கதானே காயப் போடுறோம், ஒத்தக் காக்கா வந்ததில்லையேன்னு திகைச்சு நின்னா. அப்போதான் சேவியர் படுக்கிற இடம் காலியா கிடக்குறது கண்ணுல பட்டுச்சு.

"அடக் கடவுளே! அந்தக் குறட்டைக்குப் பயந்துதான் வராம இருந்துச்சுங்களா!"

அவரைத் தேடி ஓடுனா. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல சுருண்டு கிடந்தாரு சேவியர்.

"எந்திரிங்கண்ணே. மாடிக்கு வந்து தூங்குங்க."

"பகல்ல படுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரும்மா?"

"நான்தான் சொன்னேன்! இப்பவும் நான்தான் சொல்றேன்! வர்றீங்களா, பெஞ்சோட தூக்கவா?"

பாக்கி இருந்தது ஒரே நாள். சட்டமும் மண்ணாங்கட்டியும் போச்சு. விடியக்காலம் மூணு மணிக்கே பேச்சி தன் குடத்தோட செங்கமலத்தோட அண்டாவையும் ரொப்பிட்டா. கூழ் கொதிச்சுது, தளபுள தளபுள. மத்தியானம் வேட்டிக்குப் பக்கத்துலயே சேவியர். கொர்ர்ர்! ஒரு காக்காகூட கிட்ட வரல.

அப்புறம் ராத்திரி. காஞ்ச வத்தல் மாடியில, செங்கமலம் அசந்து தூக்கத்துல. சொட்டு... சொட்டு... மழை! யாரு முழிச்சிருக்கா? ஜமீலாதான்.

"அக்கா! மழை! வத்தல்!"

தடதடன்னு மூணு பொம்பளைகளும் ஏறி, வேட்டியோட சுருட்டித் தூக்கி உள்ள போடவும், சோன்னு மழை கொட்டவும் சரியா இருந்துச்சு.

"ம்..."

வெள்ளிக்கிழமை ஆயிரம் வத்தலும் பொரிஞ்சுது. நொறுக்! கல்யாண வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"வேலை பார்த்தவங்க எல்லாரும் பந்தியில உட்காருங்க. எத்தனை இலை?"

"நாலு"ன்னா செங்கமலம், சேவியரையும் சேர்த்து.

"இந்தண்ணன் என்ன வேலை பார்த்தாரு?"

"தூங்குனாரு."

"தூங்குனவருக்கு இலையா? மூணுதான் போடுவேன்."

"அவரு தூங்கலைன்னா உங்க வத்தல் காக்கா வயித்துல! நாலு இலை. முதல் பாயசம் அவருக்குத்தான்!"

பந்தியே சிரிச்சுது. சேவியர் ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சாரு. அண்டா காலி, கதையும் காலி. கண்ணை மூடு, செல்லம்.