தந்த வெள்ளை

தூத்துக்குடியில் தனிஸ்லாஸ் என்றொரு பெரிய மனுஷர். தன் கண், முத்திலேயே நூறு வெள்ளை பிரிக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். நாளை மறுநாள் அவருக்கு வீடு மந்திரிப்பு; பாதிரியார் வந்து புது வீட்டை ஆசீர்வதிப்பார். பெயிண்டர் பவுலின் ஹால் முழுக்க அவர் கேட்ட யானைத் தந்த வெள்ளையை அடித்து முடித்திருந்தாள்.

"ஏ பிள்ள, இது பழுப்புல்லா! நான் கேட்டது தந்த வெள்ளை. சாயங்காலத்துக்குள்ள மாத்து. இல்லன்னா வேற ஆள் வரும்" என்றார் தனிஸ்லாஸ்.

ஹால் முழுவதையும் ஒரு மதியத்தில் யாரால் மாற்ற முடியும்? பவுலின் அதே டப்பாவில் பிரஷ்ஷை முக்கிச் சுவர் நடுவே ஒரு முழம் இழுத்தாள்.

"இதுவாய்யா?"

"இதேதான்! இதுல்லா தந்தம்!"

"அப்ப சாப்பிட்டுப் படுத்து எந்திச்சு வாங்கய்யா."

நாலு மணிக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் பூரித்துப்போனார். "ஹால் முழுக்க மாத்திட்டாளே! பாத்தியா ஜெசிந்தா, கண்ணுன்னா இது கண்ணு!"

"எதை மாத்துனா? இவ்வளவு நேரமும் என்கூட இருந்து பனங்கிழங்குல்லா உரிச்சா!" என்றாள் மனைவி.

பவுலின் பணிவாகச் சொன்னாள்: "ஈரத்துல வெளுப்பாத் தெரியும்யா. காஞ்சா எல்லாம் ஒண்ணுதான்."

ஜெசிந்தாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "இனிமே பெயிண்ட் காயுறவரைக்கும் வாயத் திறக்காதீங்க. இந்தாங்க, கிழங்கு தின்னுங்க."