ஒரு வருஷமாகத் தொடாத சாமான்

கோணங்குளத்தில் எங்கள் எதிர்வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் சொரிமுத்து, கடைசி மாசானம். மூன்று பேரும் தங்கமான ஆட்கள். மூளை மட்டும் வீட்டுச் சாமான்களுக்கு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடக்கிறது. இன்றுவரை எடுக்க முடியவில்லை.

அந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகாது. இறக்கை இல்லாத ஃபேன் இருக்கிறது. மூடி இல்லாத குக்கர் இருக்கிறது. குக்கர் இல்லாத மூடியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எப்போதோ கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவர்களின் கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாக இருக்கிறது. கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பு காணாமல் போனபோது மிச்சமான இன்னொரு செருப்பு ஆணியில் தொங்குகிறது.

"எடுத்தவன் மனசு மாறிக் கொண்டாந்து குடுத்தா ஜோடி சேக்கணும்லா" என்பார் ஆவுடையப்பன்.

இவருக்கும் பெண் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். மரகதம் மதினி அந்த வீட்டில் கால் நீட்டிப் படுத்ததே கிடையாது. அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். ஒரு நாள் காலையில் கழுத்து இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. திரும்பாத கழுத்தோடு பெட்டியைக் கட்டிவிட்டார்.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஒரு பாய் விரிச்சுப் படுக்க இடம் பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வாரேன். இல்லையா, அங்கேயே இருந்துக்கிடுவேன்."

"இடத்துக்கு எங்கே போவேன் மரகதம்?"

"ஒரு வருஷமா கையால தொடாத சாமான் எது எது இருக்கோ, எல்லாத்தையும் தூக்கி வெளியே போடுங்க. ஒண்ணையும் விடக் கூடாது, சொல்லிட்டேன்."

மதினி இல்லாத வீட்டில் மூன்று நாளாகக் கஞ்சிதான். அதையும் கருக்கிவிட்டார்கள். ஆவுடையப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எப்படியும் அவளைக் கூட்டிட்டு வரணும்ல" என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

சொரிமுத்து முதலில் ஃபேனைத் தூக்கினார். "அண்ணே, இதைத் தொட்டு நாலஞ்சு வருஷம் இருக்கும். போட்டுரவா?"

"இப்பத் தொட்டுட்டியேல."

சொரிமுத்து கையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். "ஆமாண்ணே."

"அப்ப அது இன்னைக்குத் தொட்ட சாமான். உள்ளே வை."

இப்படியே குக்கர், மூடி, செருப்பு, பத்திரிகைக் கட்டு. எடுத்தால்தான் வெளியே போட முடியும், எடுத்தால் தொட்டதாகிவிடும். மத்தியானம் வரை தொட்டார்கள். தொட்டதை எல்லாம் சுவரோரமாக அடுக்கினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, அந்த ஃபேனைக் குடுங்க, நானே குப்பையில போடுதேன்" என்றேன்.

"உன் இஷ்டத்துக்குப் போட முடியாது தம்பி. நியாயம்னு ஒண்ணு இருக்கு."

படித்தது போதும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் நின்றவன் நான். என்னைவிட முன்னாடியே நின்றவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாசானத்துக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வந்தால் யாருக்காவது அடிபடும். "மதினி கையாலன்னுதான சொன்னாவ? காலால தள்ளுவோம்" என்று அம்மிக்கல்லை ஓங்கி உதைத்தான். அம்மி அப்படியே இருந்தது. கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. வலியில் குனிந்து அம்மியையே பிடித்துக்கொண்டான்.

"தொட்டுட்டான்" என்றார் சொரிமுத்து.

"அம்மி இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார் ஆவுடையப்பன்.

ஆனால் ஒன்று நடந்தது, அவர்களே எதிர்பார்க்காதது. எல்லாவற்றையும் சுவரோரமாக அடுக்கியதில் நடுவீட்டில் சரியாக ஒரு பாய் அகலத்துக்குத் தரை தெரிந்தது. சிமெண்டுத் தரை. இவ்வளவு நாளும் மண் தரை என்றே நினைத்திருந்தார்களாம். ஆவுடையப்பன் பாயை விரித்தார். மச்சினனுக்குப் போன் போட்டு, "இடம் பண்ணியாச்சு, அவளை அனுப்புங்க" என்றார். சாயங்கால பஸ்ஸில் வருவதாகப் பதில் வந்தது.

மற்றவர்களாக இருந்தால் இத்தோடு விட்டிருப்பார்கள்.

"ஒண்ணையும் விடக் கூடாதுன்னாளே. தொடாதது ஏதும் பாக்கி இருக்கால?" என்று கேட்டார் ஆவுடையப்பன். மூன்று பேரும் தேடினார்கள். அடுக்களை, மச்சு, பீரோ அடி, எல்லாமே தொட்டாயிற்று. விரல் வலியில் மல்லாந்து கிடந்த மாசானம் மேலே பார்த்தான்.

"அண்ணே. அந்தக் கூரை ஓடுகளை யாராவது தொட்டிருக்கமா?"

மற்ற இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நான் தொடல" என்றார் சொரிமுத்து.

"நானும் தொடல. நம்ம அப்பா தொட்டிருப்பாரு. அவரு போயே பத்து வருஷமாச்சே" என்றார் ஆவுடையப்பன்.

"அப்ப?"

"மனசுக்குக் கஷ்டமாத்தான்ல இருக்கு. என்ன செய்ய, மரகதம் வரணும்லா?"

தொரட்டிக் கம்பை எடுத்துக் கீழேயிருந்து ஒவ்வொரு ஓடாக நெம்பித் தெருவில் தள்ள ஆரம்பித்தார்கள். கம்பால்தான், கை படவே இல்லை. அதில் ரொம்பக் கவனம். கொஞ்சம் உடைந்தது, முக்கால்வாசி தெருவில் காயப் போட்டிருந்த எங்கள் வீட்டு வைக்கோல் மேல் விழுந்து பிழைத்தது.

நான் ஓடிப்போய்க் கத்தினேன். "அண்ணாச்சி, அது கூரை!"

"இருக்கட்டும் தம்பி. கூரைன்னா அதுக்குத் தனிச் சட்டமா?"

"மழைக்காலம் வருது அண்ணாச்சி!"

"வரட்டும். அதுக்கும் சேத்துதான் இடம் இருக்கே."

கூரை காலி. வீட்டுக்குள் நல்ல வெளிச்சம். ஃபேன், அம்மி, ஒற்றைச் செருப்பு எல்லாம் வெயிலில் பளபளத்தன. மூன்று பேரும் வெளியே வந்து தெருவில் கிடந்த ஓடுகளைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது, ஏனென்றால் ஆவுடையப்பனின் உதடு துடித்தது.

"நம்ம அப்பா பாத்துப் பாத்து வாங்குன ஓடுல. எப்படிக் கெடக்கு பாரு அனாதையா." குனிந்து ஒரு ஓட்டைத் தடவிக் கொடுத்தார்.

"அண்ணே, தொட்டுட்டீங்க" என்றார் சொரிமுத்து.

ஆவுடையப்பன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சொல்ல முடியாது. "தொட்டுட்டேன்ல? அப்ப உள்ளே வரலாம்!"

மூன்று பேரும் ஒரு ஓடு விடாமல் தொட்டுத் தொட்டு உள்ளே சுமந்தார்கள். வைக்க இடம் வேண்டுமே? வீட்டில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. பாயைச் சுருட்டி அம்மி மேல் வைத்துவிட்டு அந்த இடத்தில் அடுக்கினார்கள். கழுத்தளவு வந்தது.

மதினி பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியோடு வாசலுக்கு வரும்போது தூறல் போட ஆரம்பித்திருந்தது. உள்ளே பார்த்தார். கழுத்து குணமாகியிருந்ததால் அண்ணாந்தும் பார்த்தார். வானம் தெரிந்தது.

"கூரை எங்கே?"

"நீ சொன்னபடி வெளியே போட்டுட்டோம்."

"உள்ளே அடுக்கி வச்சிருக்கது?"

"அதுதான் கூரை. மனசு கேக்கல, எடுத்துட்டு வந்துட்டோம்."

"ஐயா சாமி, எதுக்கு?"

ஆவுடையப்பன் ஓட்டு அடுக்கைத் தட்டிக் காட்டினார். "நல்ல ஓடு மரகதம். நாளப்பின்ன நமக்குன்னு ஒரு வீடு கட்டுனா உதவும்லா?"

மதினி வாசற்படி ஏறவே இல்லை. பஸ் திரும்பி நிற்கிற பக்கமாகப் பெட்டியோடு விறுவிறுவென்று நடந்துவிட்டார். மழை வலுத்தது.

"மரகதம், நில்லு! இப்பவே பாய் விரிக்கேன்!" என்று கத்திக்கொண்டே ஆவுடையப்பன் உள்ளே ஓடினார். சொன்னபடி விரிக்கவும் செய்தார், ஓட்டு அடுக்கின் மேல். ஓடு நனைந்துவிடக் கூடாதாம்.