அறுபது கிலோ காட்டிய சீட்டு

விடை சொல்ல விரும்புகிறவர்கள் அவசரப்படாமல் படியுங்கள். அவசரப்பட்ட ஒருத்தி இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறாள்.

வேலூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு பெண்கள் பளு தூக்கப் பழகினார்கள். மூத்தவள் கோமளா, இளையவள் பர்வீன். இருவருக்கும் ஐம்பத்தொன்பது கிலோ பிரிவு. உடல் எடை அதைத் தாண்டினால் அந்தப் பிரிவில் பளுவைத் தொடவே முடியாது. எந்தப் போட்டியிலும் கோமளா இரண்டாவது வருவாள், பர்வீன் நான்காவது. அந்த வருடம் மாநிலப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு ரயில்வே வேலைக்கான தேர்வுக்கு அழைப்பு உண்டு. கோமளாவுக்கு அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. பயிற்சியாளர் முனிரத்தினம் சிறுவர் அணியோடு வெளியூர் போயிருந்தார். கோமளாவுக்குத் தொடையில் தீராத வலி. வலித்த தசைக்கு வேண்டியது ஓய்வும் தூக்கமும் சோறும் முட்டையும்தான். அவள் கண்ணோ பர்வீனின் பையிலிருந்த கிரியேட்டின் என்ற சத்துப் பவுடர் டப்பாமேல் இருந்தது.

"ஏண்டி, ரெண்டு வருஷமா நீ மட்டும் தின்னுக்கிட்டு இருக்கியே, எனக்குக் கொஞ்சம் குடுத்தா தேஞ்சா போயிடுவ?"

"குடுக்கறேன்க்கா. ஆனா ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன்தான். இது வலி மாத்திரை இல்ல."

அது தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. நாள்தோறும் அளவாக எடுத்து, ஒழுங்காகப் பயிற்சியும் செய்தால், கனமான பளுவை இன்னும் ஓரிரு முறை தூக்கத் தெம்பு தரும். ஆனால் தசைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கிலோவோ ஒன்றரையோ கூடிவிடலாம். பர்வீனுக்கு அப்படி ஒன்றரைக் கிலோ கூடியது இரண்டு வருடத்துக்கு முன்பு. அதை மறந்தே போயிருந்தாள்.

போட்டி நெருங்கும்போது புதிதாக எதையும் சாப்பிட முனிரத்தினம் விடமாட்டார்.

"பவுடர் தின்ன விஷயம் சார் காதுக்குப் போகக் கூடாது. சத்தியம் பண்ணு," என்றாள் கோமளா. பர்வீன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

கோமளா ஒரு ஸ்பூனோடு நிற்கவில்லை. நாளைக்கு நான்கு போட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் இருவரும் திருச்சியில் ரயிலைவிட்டு இறங்கினார்கள். நிலையத்தில் காசு போட்டால் எடை சொல்லும் இயந்திரம் நின்றது. கோமளா ஏறினாள். சீட்டில் அறுபது என்று வந்தது.

"பொய் சொல்லுதுடி இந்தப் பெட்டி. மூட்டையும் முடிச்சுமா ஏறி ஏறிக் கெடுத்துட்டானுங்க," என்று சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

பர்வீனும் ஏறினாள். ஐம்பத்தெட்டு. ஊரில் பழைய இரும்புக் கடைத் தராசு காட்டிய அதே எடை. பழைய ஒன்றரைக் கிலோ அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை.

மாலை ஆறு மணிக்குப் பயிற்சியாளர்கள் கூட்டம். யார் எந்தப் பிரிவு என்பதை அங்கே கடைசியாக ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், பிறகு முடியாது. அரங்க வாசலில் எடை பார்த்துக்கொள்ள ஒரு தராசும் வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து நேராக வந்து சேர்ந்த முனிரத்தினம் வாசலில் நின்ற இருவரிடமும் கேட்டபடியே ஓட்டமும் நடையுமாக அதைக் கடந்தார்.

"எடை சரியா இருக்காம்மா?"

"கரெக்டா இருக்கு சார்," என்றாள் கோமளா.

அவர் பர்வீனைப் பார்த்தார். சொன்னால் சத்தியம் போகும். கோமளா மேலே உள்ள அறுபத்துநாலு கிலோ பிரிவுக்குப் போவாள். மூன்றாம் இடம் தனக்கு வரும். 'அக்காவைத் தள்ளிவிட்டு இடம் புடிச்சா' என்று கொட்டகையே பேசும். சொல்லாவிட்டால் கோமளா சறுக்குவாள்; அப்போதும் மூன்றாம் இடம் தனக்குத்தான். பர்வீன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

அன்றிரவு கோமளா சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. காலையில் எழுநூறு கிராம் அதிகம் இருந்தது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினாள். கடைசி நிமிடத்தில் தராசு ஐம்பத்தொன்பது காட்டியது. ஆனால் மேடையில் கால் இழுத்துக்கொண்டது. மூன்று வாய்ப்பிலும் பளு தலைக்கு மேல் ஏறவில்லை. மூன்றும் தவறினால் போட்டியிலிருந்தே வெளியே. பர்வீன் மூன்றாவது வந்தாள்.

கோமளா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முனிரத்தினம் தலையில் கை வைத்தார். "அறுபத்துநாலு பிரிவுல நாலே பேரும்மா. வழக்கமா தூக்கறதைத் தூக்கியிருந்தாலே உனக்கு மூணாவது இடம்." பிறகு பர்வீனிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"சத்தியம் பண்ணியிருந்தேன் சார்."

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சார். குடுத்த வாக்கைக் காப்பாத்தினா," என்றாள் கோமளா.

கோமளா செய்தது தவறு. அதில் வழக்கு இல்லை. பர்வீனைப் பற்றிச் சொல்லுங்கள். வாக்கைக் காத்து வாயை மூடிக்கொண்டது சரியா? வாக்கு போனாலும் போகட்டும் என்று பேசியிருக்க வேண்டுமா?

விடை: வாக்கைக் காத்துக்கொண்டே பேசியிருக்கலாம். கோமளா வாங்கிய சத்தியம் பவுடரைப் பற்றியது. எடையைப் பற்றியது அல்ல. "சார், அக்காவைத் தராசுல ஒருதரம் ஏத்திப் பாருங்க" என்றால் போதும். பவுடரின் பெயர் வெளியே வந்திருக்காது, கோமளாவும் அறுபத்துநாலில் நின்றிருப்பாள். ஊர் ஏதாவது பேசியிருக்கும், அவ்வளவுதான். இந்த விடை பர்வீனுக்கும் தோன்றியது. எப்போது தோன்றியது என்பதை மட்டும் அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.