கதவிலக்கம் ஒன்று, இருவாச்சி அம்மா

ஒரு மலையூர்ல ஒரு மரம். மரத்துல ஒரு பொந்து, பொந்துக்குள்ள ஒரு இருவாச்சி அம்மா. முட்டை போடற வேளை வந்ததும் மண்ணும் பழச்சக்கையும் குழைச்சு, வாசலை உள்ளேயிருந்தே அடைச்சுக்கிட்டா. அலகு நுழையற அளவுக்கு ஒரே ஒரு கீறல். அப்பா இருவாச்சி 'புஸ்க்கு புஸ்க்கு'னு சிறகடிச்சு வந்து, வேளை தவறாம அத்திப்பழ நைவேத்தியம் பண்ணுவாரு. எங்கே, 'ம்' காணோம்? ஆங்.

அப்போ அங்கே கோதைவல்லின்னு ஒருத்தி, எந்த மரத்துல எந்த உயிர்னு ஆராய்ஞ்சு நோட்டுல எழுதறவ. குஞ்சு பொரிச்சாச்சுன்னு அவ எழுதின அன்னிக்கே, ரோடு போடற அதிகாரி பராங்குசம் கோடாலி ஆளுங்களோட வந்துட்டாரு. அவர் தலையை ஆட்டினாத்தான் கோடாலி எழும்பும். கோதைவல்லி ஓடிப்போய் மரத்துக்குக் குறுக்கே நின்னா.

"சார், உள்ளே தாயும் பிள்ளையும் இருக்காங்க!"

"குடியிருக்கறவங்களுக்கு நோட்டீஸ் தராம நான் இடிச்சதே இல்லம்மா. கதவிலக்கம் எங்கே?"

தேன் எடுக்கற சடைச்சி அக்கா சுண்ணாம்பைத் தொட்டு மரத்துல '1'னு எழுதினா. "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க சார்."

ஏணி வச்சு ஏறினாரு. டொக் டொக். "அம்மா, நோட்டீஸ்!" கீறல்ல நீட்டினாரு. உள்ளே சளப், சளப். அதையும் மண்ணோட குழைச்சுப் பூசிட்டா!

"நடை சாத்தியிருக்கு சார். குஞ்சுக்குச் சிறகு முளைச்சாத்தான் திறக்கும்"னா கோதைவல்லி.

"நடை சாத்தினா ராஜாவே காத்திருக்கணும்"னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "சரி, பக்கத்து மரம்!"

அதுக்குள்ள கோதைவல்லி நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஊரே சுண்ணாம்போட ஓடி மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுடுச்சு. ரெண்டாம் நம்பர்ல மரத்தவளை.

"சம்மதமா?"

"க்ரொக்."

"மறுப்பா?"

"க்ரொக்."

'வாதி பிடிவாதக்காரர்'னு எழுதிக்கிட்டு நகர்ந்தாரு.

அப்புறம் மூணாம் நம்பர்ல தேவாங்கு. பேசவே இல்ல, முழிச்சு முழிச்சுப் பார்த்துது. முதல்ல இமைக்கறது யாருன்னு பார்த்துடலாம்னு அவரும் முழிச்சாரு. மூணு நாள்! அசையாம நின்னவர் தொப்பியில ஒரு தேன்சிட்டு கூடு கட்டி, முட்டையும் போட்டுடுச்சு.

சடைச்சி அக்கா தொப்பியில '412'னு எழுதினா. "சார், குடி வந்தாச்சு. இனிமே தலையை ஆட்டாதீங்க."

தலை ஆடாம கோடாலி எழும்புமா? ஆளுங்க பார்த்துப் பார்த்து வீட்டுக்குப் போயிட்டாங்க.

அப்புறம் ஒரு காலைல, படக், படக். ஒண்ணாம் நம்பர்ல நடை திறந்துது. அம்மா வந்தா, பின்னாலயே குஞ்சும். பராங்குசத்துக்குத் தலை குனிய முடியல, கையெடுத்துக் கும்பிட்டாரு. அதே கையால, 'ரோடு மலையைச் சுத்திப் போகட்டும்'னு எழுதிக் கையெழுத்தும் போட்டாரு.

ம்? சத்தமே இல்லையே. சரி, கதைக்கு நடை சாத்தியாச்சு. நீயும் கண் ரெண்டையும் சாத்திக்கோ, தூங்கு.