முறுக்காத்தாள் உள்ளறைக்குப் போன கதை

அந்தக் காலத்தில் காக்கையும் நரியும் மட்டுமா பேசின? உடம்புக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஆட்கள்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள்.

அப்போது ஒரு மலைக்காட்டில் ஒரு மந்தி சூல்கொண்டிருந்தது. வயிற்றில் இருந்த குட்டிக்குக் கையுமில்லை, வாலுமில்லை. ஒரே ஒரு அறைதான் குட்டி. அந்த அறையில் முறுக்காத்தாள் நீட்டிப் படுத்திருந்தாள். இரண்டு சரங்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட உடம்பு அவளுக்கு. சரம் முழுக்க நான்கு நிற மணிகள். ஒரு சரத்தில் சிவப்பு இருந்தால் எதிர்ச்சரத்தில் வெள்ளை, இதில் நீலம் என்றால் அதில் மஞ்சள். இதில் மாற்றமே கிடையாது. குட்டிக்கு மூக்கு எப்படி, முடி எப்படி, எச்சில் எப்படி என்பதெல்லாம் அந்த மணிகளின் வரிசையில்தான் இருந்தது.

வரிசையைப் பார்த்து வேலை செய்கிறவன் பெயர் தொடுப்பான். மணிகளை மும்மூன்றாகத் தடவிக்கொண்டே போவான். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு கல் உண்டு. "சிவப்பு, சிவப்பு, நீலம்" என்று அவன் சொன்னால், அதற்குரிய கல்லோடு தூக்கி என்பவள் வந்து நிற்பாள். சுமப்பதுதான் அவள் வேலை. அவன் கல்லோடு கல்லைக் கோப்பான். "நிறுத்து" என்று சொல்லும் மூன்று மணிகள் வந்ததும் கையை எடுத்துவிடுவான். கோத்த கோவை தானே சுருண்டு மடிந்து ஒரு சாமானாகிவிடும். ஒன்று கதவாகும், ஒன்று கத்தரியாகும், ஒன்று தசையாகும்.

ஆத்தாளுக்கென்று தனி அறை அப்போது கிடையாது. பட்டறை நடுவிலேயே கிடப்பாள். தொடுப்பான் இழுத்த இழுப்புக்கெல்லாம் வருவாள், பாவம்.

தொடுப்பான் வேகக்காரன். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒருநாள் அறை இரண்டாகப் பிரியும் நேரம் நெருங்கியது. அதற்குள் எல்லா வரிசையையும் ஒருமுறை தடவிச் சரிபார்த்துவிட வேண்டுமென்று அவன் இழுத்துக்கொண்டிருந்தான். புளிப்பு காய்ச்சும் கோவையின் வரிசை வந்தது. அந்த நாளில் மந்திகளின் உடம்பு தனக்கு வேண்டிய புளிப்பைத் தானே காய்ச்சிக்கொள்ளும். ஈறு இறுகுவதற்கும் புண் ஆறுவதற்கும் அந்தப் புளிப்பு இல்லாமல் முடியாது.

"மெதுவாடா. அந்த இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்" என்றாள் ஆத்தாள்.

"எனக்குத் தெரியும் ஆத்தா" என்று ஒரு இழுப்பு இழுத்தான்.

ஒரு சரம் அறுந்தது. ஒரு மணி தெறித்து எங்கேயோ உருண்டு கரைந்தே போய்விட்டது. என்ன நிறமென்று அவன் பார்க்கவில்லை.

அந்த நிமிஷமே வாயைத் திறந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. எதிர்ச்சரத்தைப் பார்த்தால் போதும், போன நிறம் தெரிந்துவிடும், புது மணி போட்டுவிடலாம். ஆனால் கல்லைச் சுமந்துகொண்டு தூக்கி வந்துகொண்டிருந்தாள். வேகக்காரன் கையில் ஆத்தாள் அறுந்தாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அறுந்த இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். எதிர்ச்சரத்தில் ஒரு மணி மட்டும் ஜோடியில்லாமல் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதையும் பிடுங்கி எறிந்தான், படுபாவி.

"வலிக்குதுடா. ஏதாவது ஆயிற்றா?" என்று கேட்டாள் ஆத்தாள். தன் முதுகைத் தானே பார்க்க முடியாதவள் அவள்.

"ஒன்றுமில்லை ஆத்தா. சரியாகிவிடும்."

அறை இரண்டாயிற்று, நான்காயிற்று, கணக்கில்லாமல் பெருகிற்று. ஒவ்வொரு அறையிலும் ஒரு ஆத்தாள், ஒவ்வொரு ஆத்தாள் உடம்பிலும் அந்த முடிச்சு. நம் தொடுப்பான் ஈரலில், புளிப்பு காய்ச்சும் ஓர் அறையில் போய் உட்கார்ந்தான்.

குட்டி பிறந்தது, வளர்ந்தது. காடு முழுக்க நெல்லியும் களாவும் காய்த்துக் கிடந்தன. தின்று தின்று அதன் பல்லே கூசிப்போனது. வாய் வழியே இவ்வளவு வரும்போது உள்ளே காய்ச்சுவதைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? தப்பித்தோம் என்று தொடுப்பான் மூச்சுவிட்டான். ஆனாலும் அந்த முடிச்சுப் பக்கம் கை போனால் இழுத்துக்கொள்வான்.

பிறகு மழை பொய்த்தது. மரங்கள் காய்க்கவில்லை. இப்போது முழு மந்தியாகிவிட்ட அந்தக் குட்டி சருகையும் பட்டையையும் மென்றது. அதன் ஈறுகளில் ரத்தம் கசிந்தது, ஆறிய புண்கள் திரும்பவும் வாய் திறந்தன. கிளையைப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. அதே சருகைத் தின்ற காட்டாடு மட்டும் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தது.

ஈரலுக்கு ஆணை வந்தது. புளிப்பு வேண்டும், உடனே காய்ச்சு.

தொடுப்பான் வரிசையைத் தடவினான். முடிச்சு வரைக்கும் கோவை ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி குறைந்ததால் எல்லா மூன்றும் இடம் பிசகிப்போயின.

"என்ன கல்லெல்லாம் கேட்கிறாய் நீ? ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாதே" என்றாள் தூக்கி.

வரக்கூடாத இடத்தில் "நிறுத்து" வந்தது. கோவை பாதியில் அறுந்து விழுந்தது. மறுபடி கோத்தான், மறுபடியும் அப்படியே விழுந்தது.

தூக்கி குனிந்து பார்த்தாள். "இங்கே ஒரு மணி குறைகிறது. போகட்டும், எதிர்ச்சரம் சொல்லிவிடும்." எதிர்ச்சரத்தைத் திருப்பினாள். அப்புறம் மெதுவாக நிமிர்ந்தாள். "இங்கேயும் இல்லையே. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தானாகவா விழும்?"

தொடுப்பானின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவளோ கல்லைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கூனிக் குறுகி ஆத்தாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அறுத்ததையும் பிடுங்கியதையும் ஒன்றுமில்லை என்று பொய் சொன்னதையும் சொன்னான்.

ஆத்தாள் கோபப்படவில்லை. "சரி, இப்போதாவது போட்டுவிடலாம். என்ன நிறம்டா அது?"

அவன் முடிச்சையே தடவிக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா. வெளியே குட்டி செத்துக்கொண்டிருக்கிறது."

"பார்க்கவில்லை ஆத்தா. இரண்டையுமே பார்க்கவில்லை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது தொடுப்பானுக்கு.

மந்தி சாகவில்லை. கோடையில் எங்கிருந்தோ ஒரு மழை வந்து, கருகிய செடியெல்லாம் தளிர்விட்டது. அந்தப் புளிப்புத் தளிரைத் தின்று அது பிழைத்தது. பிழைத்ததில் தொடுப்பானுக்கு ஒரு பங்குமில்லை. அது அவனுக்கும் தெரியும்.

ஆத்தாள் தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொண்டாள். தொடுப்பான் வாசலில் நின்று, "என்னைப் போகச் சொல்கிறாயா ஆத்தா?" என்று கேட்டான்.

"உன்னைவிட்டால் கோக்க ஆளேது? உன் கையில் வேலை இருக்கட்டும். நான் இருக்கமாட்டேன்" என்றாள் ஆத்தாள்.

அன்று உள்ளே போனவள்தான், அறை பிரியும் நேரம் தவிர அவள் அந்தச் சுவரைத் தாண்டுவதே இல்லை. வேண்டிய வரிசைக்கு மட்டும் ஒரு நகல் வாசல் வழியே வருகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த மந்தியின் வம்சமான நாமும் ஆடு தானே காய்ச்சிக்கொள்ளும் புளிப்பை மரத்திடம்தான் கேட்டு வாங்குகிறோம். நம் ஒவ்வொருவர் ஈரலிலும் தொடுப்பான் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் கை நீட்டி அந்த நகலை வாங்குகிறான்.